பட்டை பிடித்த கை

கடலோரத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் யார்டு அது. வெயில் ஏறினால் அங்கே கிடக்கும் எண்ணெய் டேங்குகள் முனகும். அப்படி ஒரு டேங்கை வெட்டும்போதுதான் அருளப்பன் உடல் சிதறிச் செத்தான். கப்பல் பேய் அடித்துவிட்டது என்றார் முதலாளி தங்கப்பழம். ஊரும் நம்பியது. அவன் மனைவி பிரகாசி அதே யார்டில் கேஸ் கட்டிங், அதாவது டார்ச் தீயால் இரும்பு வெட்டும் வேலை, பழகச் சேர்ந்தாள்.

இரும்பு எந்த அளவு சிவந்ததும் ஆக்சிஜனைத் திறக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தது. முதலாளி ஒருநாள், மூடிகூடக் கழற்றாத ஒரு டேங்கைக் காட்டினார்.

"இதை வெட்டு. பூசை போட்டாச்சு. பேய் அண்டாது."

உள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோல டேங்க் முனகியது. சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"பழகுற கை மொதலாளி, நடுங்குது," என்றாள் பிரகாசி. "இந்த இரும்புப் பட்டையை டேங்க் மேல அழுத்திப் பிடிங்க, கோடு நேரா வரும். பூசை போட்ட கை, பேய் கிட்ட வராதுல்ல?"

அத்தனை பேர் பார்க்கையில் முதலாளியால் மறுக்க முடியவில்லை. குனிந்து பிடித்தார். அவள் டார்ச் முனையில் லைட்டரை உரசினாள். பொறி பறந்தது.

"நிறுத்துடி! உள்ள கேஸ் இருக்கு, வெடிச்சிரும்!" என்று அலறிக்கொண்டு ஓடினார் முதலாளி.

"நான் டார்ச் வால்வையே தொறக்கல," என்றாள் பிரகாசி. "அன்னைக்கு அவர்கிட்டயும் இதைச் சொல்லியிருக்கலாமே?"

யார்டு முழுக்க எரிந்துகொண்டிருந்த டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.