அரிக்காத கருணைக்கிழங்கு

மூங்கில்காட்டில் முள்ளம்பன்றிக் கூட்டம் ஒன்று இருந்தது. அவை வள்ளிக்கிழங்கு தோண்டிக் குரங்குகளுக்குக் கொடுக்கும். பதிலுக்குக் குரங்குகள் மரமேறிப் பழம் பறித்துப் போடும்.

ஒரு வருடம் காட்டுப்பன்றிகள் புகுந்து வள்ளிக்கொடிகளை வேரோடு கிளறித் தின்றுவிட்டன. மிஞ்சியது காட்டுக் கருணைதான். அதை வாயில் வைத்தாலே நாக்கு அரிக்கும். கிழங்கு நின்றது, பழமும் நின்றது. குட்டிகள் பசியில் சிணுங்கின.

கூரி என்ற முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. கருணையைப் பல்லால் சீவி, மூங்கில் கூடையில் போட்டு, ஓடைநீர் விழும் இடத்தில் கட்டி வைத்தது. ஒருநாள் ஊறியதைத் தின்றது. அரித்தது! இரண்டு நாள் ஊறியதும் அரித்தது. மூன்று நாள் ஊறியது அரிக்கவே இல்லை!

“அண்ணே, வழி கிடைச்சாச்சு!” என்று தலைவன் தடியனிடம் ஓடியது.

தடியன் தின்று பார்த்தது. “பலே! எல்லாரும் ஆளுக்கொரு கூடை கட்டுங்கள்! வழக்கம்போல அவரவரே தோண்டி, அவரவரே ஊறவைத்துக் கொண்டுவந்து வளை வாசலில் குவியுங்கள்!”

சிலர் அவசரப்பட்டு இரண்டாம் நாளே எடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே குவியலில் கலந்தது. செங்காலி என்ற குரங்கு முதல் ஆளாக வந்து ஒரு துண்டைக் கடித்தது.

“ஐயோ, தொண்டை எரியுதே!”

அந்தக் கூச்சல் காடு முழுக்கப் பரவியது. பிறகு வளைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“எல்லாம் உன் கூடையால் வந்தது! உடைத்துப் போடு!” என்று தடியன் சீறியது.

கூரிக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. “அண்ணே, அரைகுறையாக ஊறியதை எடுத்தது யார்?”

யாருக்கும் தெரியவில்லை.

“எல்லாரும் எல்லா வேலையும் செய்தால் இப்படித்தான். நான்கு பேர் தோண்டட்டும், இரண்டு பேர் சீவட்டும். கூடைகளை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். நான் தின்று பார்த்துச் சரி என்ற பிறகுதான் கிழங்கு வெளியே போகும்.”

“போனால் மட்டும் யார் வாங்குவார்கள்?”

“வாசலில் காத்திருந்தால் வரமாட்டார்கள். எல்லாரும் தண்ணீர் குடிக்க வரும் சுனைக்கு நாமே கொண்டுபோவோம். எல்லார் முன்னாலும் முதல் துண்டை நீங்கள் தின்னணும்.”

“நானா? தலைவனா?” தடியனின் முட்கள் சிலிர்த்தன.

“நீங்கள் தின்றால்தான் நம்புவார்கள், அண்ணே!”

குட்டிகளின் ஒட்டிய வயிற்றைப் பார்த்த தடியன் தலையாட்டியது.

நான்காம் நாள் சுனைக்கரையில் மான், முயல், குரங்கு எல்லாம் கூடியிருந்தன. கூரி முன்னால் வந்தது.

“செங்காலியண்ணே, அன்றைக்குத் தந்தது சரியாக ஊறாத கிழங்கு. தப்பு எங்களுடையது. இது மூன்று நாள் ஊறியது. பாருங்கள்!”

தடியன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை விழுங்கியது. எல்லாரும் அதன் தொண்டையையே பார்த்தார்கள். தடியன் மெல்லக் கண் திறந்தது. “இன்னொன்று கொடு!” என்றது.

சுனைக்கரையே சிரித்தது. செங்காலி தயங்கித் தயங்கிச் சின்னத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்தது.

“அட! மாவாகக் கரையுதே! கூடையை இங்கே தள்ளு!” என்று கத்தியது செங்காலி.

அன்று சாயங்காலம் வளை வாசலில் பலாப்பழங்கள் விழுந்தன. குட்டிகள் வயிறு நிறைந்து உறங்கின. தடியன் மறுநாளே ஓடையில் இன்னும் பத்துக் கூடை கட்டச் சொல்லிக் கூரியின் பொறுப்பில் விட்டது.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. வேலையைப் பங்கிடும் முறையையும் பிறரிடம் கொண்டுசேர்க்கும் விதத்தையும் அதற்கேற்ப மாற்றினால்தான் அது பலன் தரும்.