மஞ்சள் துணி கட்டிய வேம்பு

மெய்யம்மையின் மடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கிணறு, அவ்வளவுதான். வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு வேப்பமரம். மெய்யம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வேம்பின் அடியில் காளான் முளைத்திருந்தது. நகராட்சி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் தண்டில் சிவப்பு பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்கள். விழுகிற நிலையில் இருக்கும் மரம், ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தில் வந்து சொல்லலாம், இல்லையென்றால் வெட்டிவிடுவோம் என்றார்கள். விதி அப்படி.

தணிகாசலம் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஜவுளிக்கடைக்குப் போனார்.

மஞ்சள் துணி வாங்கி வந்து, குறி மறையும்படி தண்டைச் சுற்றிக் கட்டினார். குங்குமம் வைத்தார். ஒரு சூலத்தையும் நட்டார். நம் ஊரில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மரம் அம்மனாகிவிட்டது. வெட்ட வந்த ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ரம்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

தணிகாசலத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சிவப்புக் குறியைப் பார்த்துப் பயந்து எதிர்ப்பக்கம் போயிருந்தாள் செல்லக்கிளி, கூழ் விற்பவள். இப்போது தள்ளுவண்டியோடு மரத்தடிக்கே திரும்பி வந்தாள். தாழ்வான கிளையில் பழைய சேலையால் தூளி கட்டி, கைக்குழந்தையைப் படுக்க வைத்தாள்.

தணிகாசலம் ஓடி வந்தார்.

"இங்க வேணாம்மா."

"ஏங்கய்யா? ஆத்தா இருக்கிற இடத்துல என்ன பயம்? நீங்கதானே துணி கட்டுனீங்க?"

அவர் நேராக மெய்யம்மையிடம் போனார்.

"மரத்தைக் காப்பாத்தணும்னுதாம்மா செஞ்சேன். அது தப்பா?"

மெய்யம்மை வெளியே வந்து தூளியிலிருந்து குழந்தையை எடுத்துச் செல்லக்கிளியிடம் கொடுத்தார்.

"உள்ள போய்ப் பால் குடுத்துட்டு வாம்மா."

அவள் போனதும் மரத்தடியில் பாயை விரித்து, தண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு கிளை முனகியது.

"அம்மா, எழுந்திரிங்க," என்றார் தணிகாசலம்.

"ஏன்?"

"மரம் உள்ள உளுத்துப்போய்க் கிடக்கு."

"யார் சொன்னா?"

"நானே தட்டிப் பார்த்தேன். முரசு மாதிரி சத்தம் வருது."

"எப்ப தட்டுனீங்க?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "துணி கட்டுறதுக்கு முன்னாடி."

செல்லக்கிளி குழந்தையோடு வெளியே வந்தாள். தூளியை விரித்தாள்.

"போடாதம்மா!" தணிகாசலம் குறுக்கே போய் நின்றார். "ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மரத்தை வெட்டக் கூடாதுன்னு நானா கட்டுன துணி இது. மரம் எப்ப வேணா விழும்."

"இந்த ஆத்தாகிட்டதானே வேண்டிக்கிட்டேன்? புள்ளைக்குக் காய்ச்சல் இறங்குச்சே!"

அவள் அழுதாள். கூழ்ப் பானையைக்கூட மூடாமல், "பெரிய மனுசன்னு நம்புனேனே" என்று திட்டினாள். அவர் ஒவ்வொரு சொல்லையும் நின்று கேட்டுக்கொண்டார். மெய்யம்மை எழுந்து பாயைச் சுருட்டினார்.

தணிகாசலம் துணியை அவிழ்த்தார். சூலத்தைப் பிடுங்கினார். நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அங்கேயும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மரம் வெட்டப்பட்டது. அடித்தண்டில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. தணிகாசலம் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு மரம் போனால் பத்துக் கன்று நட வேண்டும் என்பதும் விதிதான். கன்றுகள் லாரியில் வந்தன. ஆட்களை எதிர்பார்க்காமல் அவரே குழி வெட்டினார், நட்டார், கூண்டு வைத்தார். செல்லக்கிளி தன் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை.

கன்றுகள் துளிர்விட்ட பிறகு ஒரு மத்தியானம், தணிகாசலம் தண்ணீர் ஊற்றிவிட்டு மடத்துக்குள் வேகமாக வந்தார்.

"அம்மா! செல்லக்கிளி இன்னைக்கு எங்கிட்ட பேசிட்டா. கன்னுக்கு அவளே ஒரு குடம் ஊத்துனா. ஆனா ஒரு கேள்வி கேட்டா. நான் வேண்டிக்கிட்ட ஆத்தா இப்ப எங்க போயிருப்பான்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க."

மடத்தின் உத்தரத்தில் தூளி தொங்கியது. மெய்யம்மை அதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார். "குழந்தை தூங்குது."