பதினாறு மூளைக் கம்ப்யூட்டரும் கொம்பையா வீட்டுப் பாயசமும்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் போர்டு மாட்டி, போன் நம்பரும் எழுதிப் போட்டுக்கொண்டு இருப்பவர்கள், எனக்குத் தெரிந்து, தென்காசிப் பக்கம் ஆவரங்குளத்தில் மட்டும்தான். ‘மும்முரசு டிஜிட்டல் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து வீடியோ எடுக்கப்படும்.’ முதலாளிகள் மூன்று பேர். தொழிலாளிகளும் அதே மூன்று பேர்.

மூத்தவர் மாசானமுத்து. கேமரா அவர் கையில். அடுத்தவர் தங்கப்பழம். போனில் வரும் சங்கதிகளைப் படித்துச் சொல்வது அவர் இலாகா. மூன்றாமவர் ஐகோர்ட்துரை. எதையும் லேசில் நம்பமாட்டார். நம்ப வேண்டியதைக் கண்டிப்பாக நம்பமாட்டார்.

மூவருக்கும் பொதுவாக ஒரு நல்ல குணம் உண்டு. சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். “மாப்பிள்ளை முகத்தை விடாம எடுங்க” என்று ஒரு தகப்பனார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மூன்று மணி நேரம் மாப்பிள்ளை முகத்தை மட்டுமே எடுத்துக் கொடுத்தார்கள். தாலி கட்டியது மேளச் சத்தத்தை வைத்துத்தான் தெரியவந்தது. பொண்ணு யார் என்பது அந்த வீடியோவில் இன்றுவரை ரகசியம்.

இப்படிப்பட்டவர்களைத்தான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் கொம்பையா தன் மகள் செண்பகவடிவு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டதோடு நில்லாமல், “பந்தியில ஒரு இலை விடாம எடுக்கணும்வே” என்றும் சொல்லிவைத்தார். எடுத்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு இலை. இலை இலையாகப் பின்னாலேயே நகர்ந்த மாசானமுத்து சாம்பார் வாளியில் இடித்தார். வாளி கொம்பையாவின் பட்டு வேட்டியில் கவிழ்ந்தது. அதையும் எடுத்தார்கள்.

தை மாதம் கல்யாணம். பதினைந்தாம் நாள் மாப்பிள்ளை கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். சித்திரையில் செண்பகவடிவு முழுகாமல் இருக்கிறாள் என்ற நல்ல சேதி வந்தது. கூடவே இன்னொரு சேதியும் வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மை சொர்ணத்தம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்: “கடைசிப் பந்திக்குப் பாயசமே வரல.”

கொம்பையா ஆடிப்போய்விட்டார். முப்பது வருஷம் ஒரு ஆளையும் டிக்கெட் இல்லாமல் விடாத மனிதர், ஒரு இலையைப் பாயசம் இல்லாமல் விடுவாரா? நேரே ஸ்டுடியோவுக்கு வந்தார்.

“ஆவணி கடைசி வெள்ளி வளைகாப்பு. சம்பந்தி வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வாராவ. அன்னைக்கு டிவியில கல்யாணப் படம் ஓடணும். கடைசிப் பந்தியில பாயசம் ஊத்துனது தெரியணும். இல்லன்னா எம் மவ அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க முடியாதுவே!”

“குடுத்துருவோம் அண்ணாச்சி” என்றார் மாசானமுத்து. மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டருக்கு வயது பன்னிரண்டு. நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமம். வலது விலாவில், கேமரா ஸ்டாண்டு சாய்ந்து விழுந்த பள்ளம். கல்யாணத்தை அதற்குள் போட்டு முழுப் படமாக்கச் சொன்னால் தொண்ணூற்றேழு சதவீதம் வரைக்கும் முக்கி முனகி வரும். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் தங்கப்பழம் போனில் ஒரு குரூப்பைக் கண்டுபிடித்தார். இன்னும் கடைக்கு வராத கம்ப்யூட்டர்களைப் பற்றி, இன்னும் பார்க்காத ஆட்கள், முகம் காட்டாமல் எழுதும் குரூப்.

“வே, ‘மின்னல்’னு ஒரு மெசின் வரப்போவுதாம். பதினாறு மூளையாம்!”

“பதினாறா?” என்று வாயைப் பிளந்தார் மாசானமுத்து. “நாம மூணு பேரு. அதோட சேத்தா பத்தொம்பது.”

மொத்தம் பதினாறுதான் என்று நான் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

“இன்னும் என்ன போட்டிருக்கான்?”

“‘இப்பப் பழைய மெசினை வச்சுக்கிட்டு மாரடிக்காதீங்க. காத்திருங்க’ன்னு போட்டிருக்கான்.”

“அப்பக் காத்திருப்போம்” என்று மாசானமுத்து கம்ப்யூட்டரை அணைத்தார்.

“காத்திருக்கும்போது வேலை செய்யலாமா?” என்று ஐகோர்ட்துரை கேட்டார்.

தங்கப்பழம் திரும்பவும் படித்தார். “‘காத்திருங்க’ன்னுதான் இருக்கு. வேலை செஞ்சுக்கிட்டே காத்திருங்கன்னு இல்ல.”

ஆகவே மூவரும் நாற்காலியை வரிசையாகப் போட்டு, வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. காத்திருப்பதில் அவர்களுக்கு ஈடு கிடையாது. சாப்பிடக்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனார்கள்.

ஆடியில் அதே குரூப்பில் ஒரு விவரமான ஆள் எழுதினார்: ‘எல்லாம் புரளி. கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.’ இது ஐகோர்ட்துரையின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று கொம்பையா போன் பண்ணினார்.

“ஆவணி நெருங்கிட்டுல்லா, படம் என்னாச்சு?”

“ஆவணி வருதுன்னு யாரு சொன்னா?” என்றார் ஐகோர்ட்துரை.

“யாரு சொல்லணும்? ஆடி முடிஞ்சா ஆவணிதானவே!”

“நீரு கண்ணால பாத்தீரா?”

“வந்தாத்தான பாக்க முடியும்?”

“அப்ப வரட்டும். வந்தப்புறம் பேசுவோம்” என்று போனை வைத்தார். ‘ஏமாத்தப் பாக்காரு’ என்று மற்ற இருவரிடமும் சொன்னார். மூவரும் ஒருவருடைய கெட்டிக்காரத்தனத்தை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் குரூப்பில் புது உத்தரவு. ‘மின்னல் வந்தால் பழசை ஒருத்தனும் சீந்தமாட்டான். இன்றைக்கே விற்றுவிடுங்கள்.’

“வித்துருவோம்” என்றார் மாசானமுத்து. அப்புறம் கொஞ்சம் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். “உள்ள கொம்பையா வீட்டுக் கல்யாணம் கெடக்கேவே?”

“அது எப்ப நடந்தது?” என்று கேட்டார் ஐகோர்ட்துரை.

“தையில.”

“அப்ப அதுவும் பழசுதான? ‘பழசை வித்துருங்க’ன்னுதான போட்டிருக்கான்.”

இதற்கு மறுபேச்சு உண்டா? பக்கத்து ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த எட்வினிடம் விற்றுவிட்டார்கள்.

“உள்ள இருக்கதையெல்லாம் எடுத்துட்டீங்களா அண்ணாச்சி?” என்று எட்வின் கேட்டார்.

“தூசிதான் இருந்துச்சு” என்றார் மாசானமுத்து. “எடுத்துட்டோம்.”

ஆவணி யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தது. கொம்பையாவும் வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் இருந்த மேஜையில் ஒரு சதுரமாகத் தூசி இல்லாத இடம் மட்டும் இருந்தது.

“கம்ப்யூட்டரை எங்கவே?”

“வந்துக்கிட்டு இருக்கு அண்ணாச்சி.”

ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம், ஒழுங்கான மனிதர் அப்படித்தான் நினைப்பார். “வார வரைக்கும் இங்கனயே இருக்கேன்” என்று வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பழைய கண்டக்டர் விசில் கழுத்தில் தொங்கியது. மணிக்கு ஒரு தரம் ஊதினார். ஊதும்போதெல்லாம் தங்கப்பழம் எழுந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான்காம் நாள் அவர் நாற்காலி ஸ்டுடியோவின் பின்கட்டுச் சமையலறையில் இருந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் அந்தச் சமையலறையிலிருந்து ஒரு அலறல்.

“வந்துட்டு! மின்னல் வந்துட்டு! படம் போட்டிருக்கான்!”

நடந்தது இதுதான். எட்வின் அந்தக் கம்ப்யூட்டருக்கு ரேமை மாற்றி, கலர் விளக்கு வைத்து, ‘நம்ம கடைக்குப் புது வரவு’ என்று ஒரு போட்டோ போட்டிருந்தார். கை ஆடிப் படம் மங்கிவிட்டது. அதை யாரோ எடுத்துக் குரூப்பில் போட்டு, ‘தென்காசிப் பக்கம் மின்னல் தட்டுப்பட்டது’ என்று எழுதிவிட்டார்கள். மங்கலான படம் என்றால் குரூப்பில் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

“நெத்தியில என்னமோ செவப்பா இருக்கே?” என்றார் மாசானமுத்து.

“குங்குமம்வே! கம்பெனியிலயே பூசை போட்டு அனுப்புதான். நம்மூர்க்காரன் எவனோ அங்க பெரிய பதவியில இருக்கான்.”

“கண்ணால பாக்காம நம்பமாட்டேன்” என்றார் ஐகோர்ட்துரை. ஆட்டோ பிடித்துப் போனார்கள். கம்ப்யூட்டர் பச்சையும் ஊதாவுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஐகோர்ட்துரை முதலில் வலது கண்ணால் பார்த்தார். பிறகு இடது கண்ணால் பார்த்தார். “ரெண்டு கண்ணும் ஒண்ணைத்தான் சொல்லுது. நம்புதேன்.”

“விலாவுல பள்ளமா இருக்கு, பாத்தீரா?”

“தூக்குறவன் கை வைக்க எடம் விட்டிருக்கான். என்ன ஒரு யோசனை!”

எட்வின் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். “அண்ணாச்சி, இது நீங்க வித்த கம்ப்யூட்டர்தான். லைட்டு மட்டும்தான் புதுசு.”

மூவரும் அர்த்தத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கப்பழம் குசுகுசுத்தார்: “குரூப்புல முந்தா நாளே போட்டிருந்தான். ‘சம்பந்தப்பட்டவங்க மறுத்தா விஷயம் உண்மை’ன்னு.”

“இன்னொரு தடவை கேளும்.”

“தம்பி, இது மின்னல்தான?”

“இல்லவே இல்ல அண்ணாச்சி!”

“ரெண்டு தடவை மறுத்துட்டான்” என்றார் மாசானமுத்து மகிழ்ச்சியோடு.

“மாதா மேல சத்தியமா இது உங்க பழைய கம்ப்யூட்டர்!”

“சத்தியம் பண்ணியே மறுத்துட்டான். இனி சந்தேகமே இல்ல” என்று ஐகோர்ட்துரை தீர்ப்புச் சொன்னார்.

எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் குடுத்ததை மட்டும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். மூவரும் பணத்தை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றினார்கள். “உள்ள ஒரு கல்யாணம் தொண்ணூத்தேழுல நின்னுச்சு. பாதியில விட மனசு வரல, ஓடி முடிக்க வச்சிருக்கேன்” என்று கத்தினார். அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

மறுநாள் வளைகாப்பு. கொம்பையா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. செண்பகவடிவு கை நிறைய வளையலோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மாம்பழக் கலர் பட்டில் சொர்ணத்தம்மாள். “படம் படம்னாவ. பாயசம் வந்த மாதிரிதான் படமும் வரும்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். செண்பகவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். கொம்பையா விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டிவியில் வயரைச் செருகி, மாசானமுத்து சுவிட்சைத் தட்டினார்.

திரையில் பிள்ளையார். பிறகு ‘கொம்பையா இல்லத் திருமணம்’. பிறகு மேளம், மாலை, தாலி, பந்தி. முதல் இலை, இரண்டாம் இலை, மூன்றாம் இலை. சாம்பார் வாளி கவிழ்ந்தபோது கூடம் சிரித்தது. நானூறாவது இலையில் நாலைந்து பேர் தூங்கினார்கள். கடைசிப் பந்தி வந்தபோது எல்லாரையும் எழுப்பிவிட்டார்கள்.

அறுநூற்றுப் பத்தாம் இலையில், மாம்பழக் கலர் பட்டில் சொர்ணத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து வழித்துக்கொண்டிருந்தாள். “இன்னும் ரெண்டு கரண்டி விடும்” என்று அவள் கேட்டது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அந்த ரெண்டாவது கரண்டி முந்தானையில் சிந்தியது.

“அது நான் இல்ல” என்றாள் சொர்ணத்தம்மாள். “இப்ப கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் செய்வாவ.”

பக்கத்தில் இருந்தவள் எட்டி, சொர்ணத்தம்மாளின் முந்தானையை விரித்துக் காட்டினாள். கறை அதே இடத்தில் இருந்தது.

கூடமே கொல்லென்று சிரித்தது. செண்பகவடிவு சிரித்த சிரிப்பில் வளையலெல்லாம் குலுங்கின. கொம்பையா கண்ணீர் வழிய, கன்னம் உப்ப, ஒரு நீள விசில் ஊதி “ரைட்!” என்றார். சந்தோஷத்தில் வேறு வார்த்தை அவருக்கு வரவில்லை.

நம் மூவர் மட்டும் சிரிக்கவில்லை. பேயறைந்தவர்களாக மூலையில் நின்றார்கள்.

“நாம இதுக்குள்ள ஒண்ணுமே போடலியேவே” என்றார் மாசானமுத்து.

“அதான்வே வேகம்!” என்றார் தங்கப்பழம். “நாம குடுக்கதுக்கு முன்னாலயே முடிச்சிட்டு.”

“நீரு சாம்பாரைக் கொட்டுனது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கு. அது போன வருஷம் வந்த மெசினுக்குத் தெரியுமா?” என்றார் ஐகோர்ட்துரை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒன்றை முழுசாக நம்பினார்.

ஐப்பசியில் முதல் முகூர்த்தம் வந்தது. கேமராவை யாரும் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு வைத்து, தாம்பாளத்தோடு கம்ப்யூட்டருக்கு முன்னால் நீட்டி, “குடும்பத்தோட வந்திரணும்” என்று மூவரும் முறையாக அழைத்தார்கள். பிறகு நாற்காலியை வரிசையாகப் போட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு மண்டபத்திலிருந்து போன் வந்தது. “எங்கய்யா இருக்கீங்க? மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்துட்டாரு!”

“அய்யய்யோ, அவசரப்பட்டுக் கட்டிறாதீங்க!” என்று பதறினார் தங்கப்பழம். “படம் இன்னும் வரல. வரட்டும், மாப்பிள்ளை யாருன்னு பாத்துட்டுச் சொல்லுதோம்.”