மடத்துக்கு இரண்டு யானை

"சாமி, மத்தியானச் சோத்தையும் விட்டுரலாமான்னு பாக்கேன்" என்றார் ஆவுடைநாயகம்.

குரு மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் விட்டாச்சா?"

"காலைப் பலகாரத்தை ஆடியில விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை ஆவணியில விட்டேன். இப்ப மத்தியானம் ஒரு கை தயிர்ச்சோறு. அது ஒண்ணுதான் பாக்கி."

"இளைச்சீரா?"

ஆவுடைநாயகம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அது அவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தது.

"முதல்ல இளைச்சேன் சாமி. இப்ப நின்னுபோச்சு."

குருவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆவுடைநாயகம் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பழைய குரு காலத்திலேயே மடத்துக்கு வந்தவர். இந்தக் குருவை அரைக்கால் சட்டையோடு பார்த்தவர். ஆனாலும் பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து குரு குருதான் என்று விழுந்து கும்பிடுகிறவர்.

தை மாதம் பழைய குருவுக்குக் குருபூஜை. அன்று அவருடைய பாதுகைப் பெட்டியைத் தலையில் சுமந்து மலையைச் சுற்றி வர வேண்டும். அந்தப் பாக்கியம் ஆவுடைநாயகத்துக்கு. முன்னால் மடத்து யானை வடிவு போகும்.

போன தையில் வடிவு பாதி வழியில் நின்றுவிட்டது. என்ன சொல்லியும் நகரவில்லை. அதற்குப் பின்னால் ஆவுடைநாயகமும் மூச்சு வாங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை வேறொருவர் வாங்கிச் சுமந்தார்.

மடத்துக்கு இரண்டு யானை என்று ஊரே சிரித்தது. வடிவுக்கு அது புரியவில்லை. ஆவுடைநாயகத்துக்குப் புரிந்தது. பெட்டி கை மாறிய இடத்தில் நின்று அழுதார். அடுத்த தையில் தூக்கியே தீருவேன் என்று அங்கேயே சபதம் செய்தார். சபதம் செய்வது சுலபம், சாம்பாரை மறப்பதுதான் கஷ்டம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

"இன்னொண்ணும் சொல்லணும் சாமி" என்றார்.

"சொல்லும்."

"வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் மிஞ்சிச்சு. அதுக்கு முந்தி ரெண்டு நாளா அந்த ஒரு கைச் சோறும் இல்லாம வெறும் தண்ணியில இருந்தேன். சாமான் வைக்கிற உக்கிராண அறையில நின்னுக்கிட்டே முழுப் பானையும் தின்னுட்டேன். கை என் பேச்சைக் கேக்கல. அந்தப் பாவத்துக்காகத்தான் இந்த ஒரு கைச் சோத்தையும் விட்டுரலாம்னு…"

அவர் ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்லிவிட்டதாக நினைத்தார். தவசிப்பிள்ளைக்கு, அதாவது மடத்துச் சமையற்காரருக்கு, அன்றைக்கே தெரியும். அவருக்குத் தெரிந்தால் மடத்துக்கே தெரிந்த மாதிரி.

குரு கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வடிவு என்ன சாப்பிடுது?"

"தெரியாது சாமி."

"இன்னையிலிருந்து வடிவுக்குச் சாப்பாடு உம்ம பொறுப்பு. தைக்குள்ள அது இளைக்கணும். மலையும் சுத்தணும்."

"நான் கேட்டதுக்கு…"

குரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

யானை நிற்கும் கொட்டாரத்துக்குப் போன பிறகுதான் ஆவுடைநாயகத்துக்கு விஷயம் விளங்கியது. வடிவு என்ன சாப்பிடுகிறது என்பதைவிட என்ன சாப்பிடவில்லை என்பதைச் சொல்வது எளிது. காலையில் வெல்லம் போட்ட சோற்று உருண்டை. கும்பிட வருகிறவர்கள் கொடுக்கும் வாழைப்பழம், பன், வடை, லட்டு. பிறந்த நாள் கொண்டாட வந்த ஒரு குடும்பம் கேக்கையே நீட்டியதாம். வடிவு எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நடை என்பது கொட்டாரத்திலிருந்து கோபுர வாசல் வரைக்கும்தான்.

"பாசமாக் கொடுக்காவோ. நான் எப்படிங்க தடுக்க?" என்றான் பாகன் மைதீன்.

கால்நடை மருத்துவர் வந்து காலைத் தட்டிப் பார்த்தார். பாதம் வலிக்கிறது, இந்தக் கனம் ஆகாது என்றார்.

"அப்படின்னா பட்டினி போட்டுரலாமா?" என்று ஆவுடைநாயகம் ஆவலாகக் கேட்டார். இந்த ஒரு வித்தையில் அவருக்குப் பழக்கம் இருந்தது.

மருத்துவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"இனிப்பை நிறுத்துங்க. சோறு, பன் எல்லாம் வேண்டாம். பச்சையா எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. புல்லு, தென்னை ஓலை, ஆலந்தழை. கேழ்வரகுக் களியும் கொள்ளும் அளவோட. தினமும் நடக்க விடுங்க. வயிறு காயக் கூடாது."

ஆவுடைநாயகம் தலையை ஆட்டினார். மனதுக்குள் இது யானைக்குச் சொன்ன வைத்தியம் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

காலையில் ஓலை வெட்டி வந்தார்கள். ஆலங்கிளை வந்தது. களியை அவரே கிண்டினார். ஆறவைத்து, உருட்டி, வடிவின் வாயில் வைத்தார். வடிவு முதலில் வெல்லத்தைத் தேடியது. அவருடைய இடுப்பு, மடி, தோள் எல்லாம் துதிக்கையால் தடவிப் பார்த்தது. பிறகு, சரி உம்ம தலையெழுத்து என்பதுபோல் களியைத் தின்றது.

பன் நீட்ட வந்தவர்களை ஆவுடைநாயகம் வாசலிலேயே மறித்தார்.

"அதுக்கு வலிக்குதம்மா. குடுக்கணும்னா ஒரு கட்டுப் புல்லு வாங்கிக் குடுங்க."

ஐப்பசியில் ஒரு நாள் அடைமழை. ஓலை வண்டி வரவில்லை. வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு வடிவை நடத்திக் கூட்டிப் போனார்கள். தெப்பக்குளம் தாண்டியதும் நடை தளர்ந்தது. கடைத்தெரு வந்ததும் வடிவு நின்றது. துதிக்கையை நீட்டி ஒரு பெட்டிக்கடையில் தொங்கிய வாழைத்தாரை அப்படியே இழுத்தது. பிறகு பன் டப்பா. பிறகு வெல்ல அச்சு. மைதீன் கத்தக் கத்த அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். அன்று அந்தக் கடையே சோளப்பொரிதான்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "திருட்டு யானை. இதுக்குப் போயி மாலை போட்டுக் கும்பிடுதோம்."

ஆவுடைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதைத் திட்டாதேயும். பசிச்ச வயிறு வேற என்ன செய்யும்? நேரத்துக்குப் போடாதவன் நான். திட்டணும்னா என்னைத் திட்டும்."

மடத்திலிருந்து ஆட்கள் வந்து கடைக்காரரைச் சமாதானம் செய்தார்கள். ஆவுடைநாயகம் வடிவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அன்றிலிருந்து, வயிறு நிறையாமல் அதைக் கொட்டாரத்தை விட்டு வெளியே இறக்கியதில்லை.

வடிவு மெல்ல மெல்ல மாறியது. கழுத்தடியில் தொங்கிய கொழுப்பு வற்றியது. பாதத்தை ஊன்றி வைத்தது. தெப்பக்குளம் தாண்டி, கடைத்தெரு தாண்டி, மலையின் மேற்கு முனை வரைக்கும் போய்த் திரும்பியது. ஆவுடைநாயகம் 'அது' என்று சொல்வதை விட்டு 'அவ' என்று சொல்ல ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. காலையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் காதை விரிப்பாள்.

அவரும் இளைத்தார். ஒரு கைத் தயிர்ச்சோறு அரைக் கையாகி, பிறகு மோராகிவிட்டது. வேட்டியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினார். அதில் ஒரு பெருமை. காலையில் தேவாரம் பாடும்போது மேல் ஸ்தாயிக்குக் குரல் எட்டவில்லை. பனி என்றார். களி கிண்டும்போது துடுப்பு கையில் நடுங்கியது. வயசு என்றார். ஒன்றுமில்லாததற்கு மைதீன் மேல் எரிந்து விழுந்தார்.

ஒரு நாள் மேற்கு முனையில் தலை சுற்றி வடிவின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார். அவள் நின்றாள். அவர் கையை எடுக்கும் வரைக்கும் காலைத் தூக்கவில்லை.

"நீங்க ஏதாவது சாப்பிட்டியளா?" என்றான் மைதீன்.

"அவளுக்குத் தண்ணி காட்டுடே. என்னைப் பத்தி உனக்கென்ன."

மார்கழி முடியும்போது குரு கூப்பிட்டனுப்பினார்.

ஆவுடைநாயகம் மாடிப்படி ஏறி வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கிய பிறகு கும்பிட்டார்.

"குருபூஜை வந்துட்டுது" என்றார் குரு.

"ஆமா சாமி. வடிவு இந்தத் தடவை முழுசா சுத்திருவா."

"இன்னும் கொஞ்சம் இளைக்கணும்."

"மருத்துவர் இது போதும்னு சொன்னாரே."

"எனக்குப் போதாது. நாளையிலிருந்து அதுக்கு ஒரு வேளை ஓலை போதும். களியை நிறுத்தும். கொள்ளையும் நிறுத்தும்."

ஆவுடைநாயகம் தன் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார்.

"நடை?"

"நடை வழக்கம்போல. ரெண்டு வேளையும்."

"முடியாது சாமி."

இந்த மடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. சொல்லிவிட்டு வாசல் நிலையை மறுபடியும் பிடித்துக்கொண்டார். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏன்?" என்றார் குரு.

"அவ எதை வச்சு நடப்பா? ஓலையும் களியும் உள்ள போனாத்தான் சாமி கால் எடுத்து வைக்கா. அதை நிறுத்திட்டு நடன்னா எப்படி நடப்பா?"

"சீக்கிரம் இளைக்குமே."

"இளைக்க மாட்டா. வாடிப்போவா. ரெண்டு நாள் தாக்குப் பிடிப்பா, மூணாம் நாள் கண்ணுல பட்டதையெல்லாம் பிடுங்கித் தின்பா. ஊரு திருட்டு யானைன்னு சொல்லும். அதுக்கும் மேல போனா ஒரு நாள் வழியில படுத்துருவா சாமி. வாடின யானை படுத்தா எழுந்திரிக்காது."

"பொறுத்துக்கிடும். பெரிய உடம்புதானே."

"பெரிய உடம்புன்னா பசிக்காதா?" அவருடைய குரல் உடைந்தது. "பசிக்குதுன்னு அவ யாருகிட்ட போயிச் சொல்லுவா? நம்மள நம்பித்தானே நிக்கா. நம்மகிட்ட விட்டிருக்கிற உசுரு அது. அதைப் பட்டினி போட்டு, அதையே மலை சுத்தவும் சொல்லி, அதுக்குப் பேரு விரதம்னு சொன்னா, அவன் என்ன மனுஷன்?"

கீழே பந்தி முடிந்து இலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்படிப்பட்டவன்கிட்ட யானையை ஒப்படைக்கலாமா?" என்று கேட்டார் குரு.

"கூடாது சாமி. யானை என்ன, ஒரு ஆட்டுக்குட்டியக்கூட ஒப்படைக்கக் கூடாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி" என்றார் குரு. "நாளையிலிருந்து நீர் கொட்டாரத்துப் பக்கம் போக வேண்டாம்."

ஆவுடைநாயகத்துக்கு நிலையைப் பிடித்திருந்த கை நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நான் அவளைப் பட்டினி போடலையே சாமி."

"அவளைப் போடலை" என்றார் குரு.