கறுப்புச் செம்பருத்திக்கு அணைத்த சூடம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கத்துவார்கள். நான் கத்தமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

"அம்மா, அவன் கை வெளங்காமப் போகணும். சாபம் குடுங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் நாச்சிமுத்து மடத்துக்குள் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

கோபிப் பக்கம் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறவர் நாச்சிமுத்து. அறுபது தாண்டியாயிற்று. ஆற்றோரம் சின்னதாக ஒரு மடம். அதில் இருக்கிற அவிநாசியம்மாதான் அவருக்குக் குரு. வயசில் அவரைவிட ரொம்ப இளையவர். நாச்சிமுத்து அவரை அம்மா என்பார், அம்மா அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அம்மா அப்போது வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"செருப்பு," என்றார்.

"கழட்டறேனுங்க. மொதல்ல சாபம்."

"சாபமெல்லாம் இங்க கெடையாதுங்கண்ணா. வெண்டைக்காய்தான் இருக்குது. என்ன ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். அவர் சொன்னால் பாதி வசவாகத்தான் இருக்கும்.

பங்குனி பிறந்தால் சந்தைத் திடலில் செடிச் சந்தை போடுவார்கள். ஓசூர்ப் பக்கமிருந்து ரோஜா லாரி லாரியாக வந்து இறங்கும். மற்றவர்களுக்கு மாரியம்மன் நோம்பித் திருவிழா எப்படியோ, நாச்சிமுத்துவுக்கு அந்தச் சந்தை அப்படி. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பார். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். மண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்பார். அவர் வந்தால் கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் பயம், கொஞ்சம் சந்தோஷம்.

அன்றைக்கும் அப்படித்தான் மோந்துகொண்டே போனார். கடைசி வரிசையில், ஒரு பெஞ்சு மேல், பார்த்தார்.

கறுப்புச் செம்பருத்தி.

நாவல்பழத் தோல் நிறம். இதழ் ஓரத்தில் மட்டும் மயிரிழைபோல ஒரு வெள்ளை. அந்தப் பூ உலகத்திலேயே ஓரிடத்தில்தான் பூக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம். யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தது. முதல் பூ விட்ட நாளிலிருந்து அது அவருடையது.

அதில் ஒரு குச்சி யாருக்கும் தந்ததில்லை. சம்பந்தி கேட்டார், இல்லை. கட்டிக்கொடுத்த மகள் கேட்டாள். "இங்க வந்து பாத்துக்க" என்றுவிட்டார். மகள் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

கவாத்துப் பண்ணினால் வெட்டின குச்சியை அப்படியே குப்பையில் போடமாட்டார். யாராவது பொறுக்கிக்கொண்டு போய் ஊன்றிவிட்டால்? அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, குச்சி மேல் ஊற்றி, அது செத்தது என்று தெரிந்த பிறகுதான் வீசுவார். "இன்னைக்குச் சோறு லேட்டு. அடுப்புல குச்சி வேகுது" என்று அவர் சம்சாரம் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அது சிரிப்பே இல்லை.

"எங்க வாங்குனேன்னு அந்தக் கடைக்காரியக் கேட்டனுங்க. 'ஏவாரி அதையெல்லாம் சொல்லுவாளா? வேணும்னா எடு, இல்லாட்டி நகரு'ங்கறா. என்னையப் பாத்து!" என்றார் நாச்சிமுத்து அம்மாவிடம்.

"சரி."

"சரியா? எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. அதோ நிக்கறான் பாருங்க."

மடத்து வாசலில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். சட்டைக் காலர் கசங்கியிருந்தது. நாச்சிமுத்துதான் அவரை மண்டி வேனில் ஏற்றி இழுத்து வந்திருந்தார்.

"அந்தச் செடிகிட்டப் போறது நானும் இவனும்தான். நான் எடுக்கல. அப்ப?"

"நானும் எடுக்கலைங்க," என்றார் சென்னியப்பன். "வேன்லயே சொன்னனுங்க."

"வாய மூடுறா!"

அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார். "அண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. சூடம் குடுங்க. உங்க முன்னால அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணுனா உட்டர்றேன். இல்லைன்னா போலீசு."

எங்கள் பக்கத்தில் சத்தியம் என்றால் சூடம்தான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் தழைக்காது என்று நம்புவார்கள்.

"சூடம் இருக்குதுங்க. ஆனா அதுக்கு முன்ன—"

"சூடம்!"

அந்தச் சத்தத்தில் ஓட்டு மேல் இருந்த புறா எழுந்து பறந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்ச் சூடத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"செடி அங்க, சத்தியம் இங்கயா? நடங்க."

திடலில் நல்ல கூட்டம். ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே தொட்டியை வைத்துக்கொண்டு ஒருத்தர் போனார். செடிதான் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

கடைக்காரி பேர் பாவாயி. நாச்சிமுத்துவைத் தூரத்தில் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டாரு! ஏனுங், காலைல கத்துனது பத்தலையா?"

"திருட்டுச் செடி விக்கறவளுக்கு வாயப் பாரு!"

"திருட்டுச் செடியா? உங்க பேரு எழுதியிருக்குதா? எந்த எலைலன்னு காட்டுங்க, நானும் படிச்சுப் பாக்கறேன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது.

அப்போதுதான் பாவாயி பின்னால் வருகிறவரைக் கவனித்தாள். "அட, அம்மா! நீங்களா? ஏனுங், இவங்களையே கேளுங்களேன், இந்தச் செடி—"

"பேசாத! சத்தியம் முடியற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது!" என்றார் நாச்சிமுத்து.

பாவாயி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெருமூச்சு விட்டார். காலித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தார்.

"அணைடா," என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் சூடத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"உங்க செடி ஒவ்வொண்ணுக்கும் என் கையால தண்ணி ஊத்தியிருக்கறேன். அந்தக் கையையே இன்னைக்கு நெருப்புல வெக்கச் சொல்றீங்க. வெக்கறேன். ஊரே பாக்கட்டும். வெச்சுட்டு அப்படியே போயிருவேன். நாளைக்கு உங்க தோட்டத்துல யாரு நிக்கறாங்கன்னு பாருங்க."

கையை ஓங்கினார்.

அந்தக் கை இறங்குவதற்குள் இன்னொரு கை இறங்கிவிட்டது.

சூடம் அணைந்திருந்தது. அம்மாவின் உள்ளங்கை அதன் மேல் இருந்தது.

"சத்தியமா," என்றார் அம்மா, "செடியக் குடுத்தது நான்."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"என்னங்க?" என்றார் நாச்சிமுத்து.

"மடத்துப் பின்னாடி, பாத்திரம் கழுவற எடத்துல, வேலி கணக்கா நிக்குது. நீங்க பின்னாடி வந்து பாத்ததில்ல. கேட்டவங்களுக்கெல்லாம் ஒடிச்சுக் குடுத்தேன். பாவாயியும் கேட்டா."

"அதத்தானே சொல்ல வந்தேன்!" என்றாள் பாவாயி. "உட்டாரா இந்த மனுசன்?"

"நானும் சொல்ல வந்தேன்," என்றார் அம்மா. "சூடம் சூடம்னு கேட்டாரு."

நாச்சிமுத்து ஒரு அடி முன்னால் வந்தார். "இத்தன வருசமா உங்க காலடில உக்காந்திருக்கறேன். நீங்களே சுவரேறிக் குதிச்சீங்களா?"

"உங்க ஊட்டு வாசப்படிகூட மிதிச்சதில்லைங்கண்ணா."

"அப்பறம் எப்படி வந்துச்சு? றெக்கை மொளைச்சுப் பறந்து வந்துச்சா?"

"நீங்க கொண்டாந்தீங்க."

"நானா?"

"வெள்ளிக்கிழமையானா சாமிக்குப் பூக் கொண்டாருவீங்கல்ல. வெறும் பூவாவா கொண்டாந்தீங்க? வழியில வாடிருமுன்னு குச்சியோட ஒடிச்சு, அடியில ஈரத்துணி சுத்திக் கொண்டாந்தீங்க. பொழுது சாயறதுக்குள்ள பூ சுருங்கிருது. குச்சி பச்சையாவே நிக்குது. எறிய மனசு வரல. ஊனுனேன்."

ஈரத்துணி.

செடிக்காரர்கள் ஒரு குச்சியை உயிரோடு ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது அப்படித்தான். நாச்சிமுத்துவுக்கு அது தெரியாதா? அந்தத் திடலில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

"சாமிக்குத்தானே குடுத்தேன்! ஊருக்கா குடுத்தேன்? எல்லாத்தையும் புடுங்குங்க. மடத்துல இருக்கறது, இங்க இருக்கறது, எவன் எவன் ஊட்டுல இருக்குதோ அது, அத்தனையும்! அது எம்பட செடி! என்னோடது!"

பெஞ்சிலிருந்து ஒரு தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"கீழ வெய்யுங்க."

அம்மா கத்தி யாரும் கேட்டதில்லை. இதுவும் கத்தல் இல்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் தன் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நாச்சிமுத்து வைத்தார்.

அம்மாவுக்கு முகம் சிவந்திருந்தது. உள்ளங்கை முழுக்கக் கரி. முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு சூடத்தை எடுத்தார். அதே தொட்டி மேல் வைத்துப் பற்ற வைத்தார்.

"ஒரு மனுசனச் சந்தைல நிறுத்திச் சத்தியம் கேட்டீங்க. இப்ப நீங்க நில்லுங்க. எம்பட செடின்னு சொன்னீங்கல்ல? அதையே சொல்லி அணைங்க."

"அதுக்கென்ன!"

கையை ஓங்கினார்.

"எம்பட..."

கை நின்றது.

சுவரோரம் இரண்டே இலையோடு அது தலை நீட்டின காலை ஞாபகம் வந்துவிட்டது. களை என்று நினைத்துப் பிடுங்கக் குனிந்தவர் அவர்தான். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. 'இருக்கட்டுமுங்க, என்னதான் ஆவுதுன்னு பாப்போம்.' அது சென்னியப்பன் குரல்.

சூடம் எரிந்தது. சூடு உள்ளங்கைக்கு ஏறியது. அவர் கையை இறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கடைசியில் அது தானாகவே எரிந்து தீர்ந்தது.

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை உதறினார். அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு. நாச்சிமுத்து பக்கம் திரும்பவில்லை. தொட்டி வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார்.

"அம்மா," என்றார் நாச்சிமுத்து. "அவன் போறானுங்க."

"பாக்கறேன்."

"கூப்புடட்டுங்களா?"

"என்னன்னு கூப்புடுவீங்க? 'டா' போட்டா?"

சென்னியப்பன் ரோஜாக் கடையைத் தாண்டிவிட்டார். இன்னும் நாலு கடை தாண்டினால் ரோடு.

அம்மா பெஞ்சு மேல் குனிந்தார். இருந்ததிலேயே நன்றாகப் பூத்த தொட்டியைப் பார்த்து எடுத்தார்.

"ஏனுங்கம்மா," என்றாள் பாவாயி, "அதுக்குக் காசு?"

"அண்ணாகிட்ட வாங்கிக்க."

தொட்டியை நாச்சிமுத்துவின் இரண்டு கையிலும் வைத்தார். தோளைப் பிடித்து, சென்னியப்பன் போகிற ரோட்டுப் பக்கம் திருப்பினார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் கரிக்கையை நன்றாகப் பதித்து, ஒரு தள்ளுத் தள்ளினார்.