விளக்குக்குள் வைத்த கை

ஷமீனாவுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் நக அலங்காரம் கற்றுக்கொள்ள வந்த சாந்தாமணிக்கு நாற்பத்தாறு. குரு சிஷ்யையை "அக்கா" என்பாள், சிஷ்யை குருவை "டீச்சர்" என்பாள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் அந்த மாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் இது சிரிப்பாக இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

சாந்தாமணி திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அவளுக்கோ அவசரத்தில்தான் கையே ஓடும். டீச்சர் போட்ட ஜெல் நகப்பூச்சு மூன்று வாரம் நின்றால், இவள் போட்டது ஐந்து வாரம் நிற்கும். "சாந்தாக்கா இருக்காங்களா?" என்று கேட்டே படியேறுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

அன்று அவளுக்குப் பரீட்சை. டீச்சர் பார்த்திருக்க, ஒருவருக்குப் பத்து விரலும் முடித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ஜன்னலோர மேசை அவளுடையது. அந்த மேசைக்கு அவள் பெயர் எழுதிய சின்னப் பலகைகூடத் துணி சுற்றி அலமாரியில் தயாராக இருந்தது. காலையில் பஞ்சு எடுக்கப் போனவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி சுற்றி வைத்திருந்தாள்.

வந்து உட்கார்ந்தவள் இந்துஜா. வங்கியில் வேலை. மறுநாள் அவளுக்கு நிச்சயதார்த்தம். சாந்தாமணியிடம் மூன்றாம் முறையாக வருகிறாள்.

முதலில் பழைய ஜெல்லை எடுக்க வேண்டும். அதற்கு அந்தக் கடையில் ஒரே வழிதான். மேல்பக்கத்தை லேசாக உரசி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் இளகவில்லையென்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். நெம்பக் கூடாது.

சாந்தாமணி பத்து விரலையும் சுற்றினாள். டீச்சருக்குப் போன் வந்தது. எழுந்து உள்ளே போனாள்.

ஐந்து நிமிடம் ஆனது. சாந்தாமணி கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். தாளைப் பிரித்து, குச்சியை ஜெல்லுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். டக்கென்று வந்தது. மற்ற ஒன்பதும் அப்படியே வந்தன. சில்லுகளை ஒரு டிஷ்யூவில் ஒதுக்கிவிட்டு, அரத்தை எடுத்து நகங்களை அழுத்தி உரசினாள். அழுத்தி உரசினால் ஜெல் நன்றாகப் பிடிக்கும். அவளுடைய ஐந்து வார ரகசியம் அதுதான்.

டீச்சர் திரும்பி வந்தபோது அடிப்பூச்சு முடிந்திருந்தது. இந்துஜா நான்கு விரல்களை, ஜெல்லை இறுக வைக்கும் நீல விளக்குக்குள் வைத்தாள்.

"ஆ!" கையை வெடுக்கென்று இழுத்தாள். "சுடுதுக்கா!"

"கொஞ்சம் சுடும் கண்ணு. பல்லைக் கடிச்சுக்க."

டீச்சர் விளக்கை அணைத்தாள்.

பூச்சைத் துடைத்தாள். இந்துஜாவின் மோதிர விரலை எடுத்து, நக நுனியை லேசாகத் தொட்டாள். நகம் வெங்காயத் தோலைப் போல மடங்கியது.

"இன்னிக்கு வேண்டாங்க இந்துஜா. இந்த நகத்து மேல இனி எதையும் போட முடியாது."

"நாளைக்கு நிச்சயதார்த்தங்க!" இந்துஜாவின் குரல் உயர்ந்தது. "மோதிரம் மாத்தறப்ப அத்தனை பேரும் கையத்தான் பாப்பாங்க. நீங்க போடலீன்னா எதுத்த கடையில போட்டுக்குவேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாந்தாமணி ஜன்னல் மேசையைப் பார்த்தாள். பரீட்சை எழுந்து போகிறது, மேசையும் கூடவே போகிறது.

"நகந்தானுங்க டீச்சர், வளந்துரும்" என்றாள் அவசரமாக. "வெட்டினா வலிக்குதா என்ன? ஒரு நாள் விசேசத்துக்குப் போட்டு விட்டுரலாமுங்க."

டீச்சர் அவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சாந்தாமணிக்கு.

"உங்க கையக் குடுங்கக்கா."

அதே புட்டியைத் திறந்து, அதே பூச்சை சாந்தாமணியின் நான்கு நகங்களிலும் தடவினாள். அரத்தைத் தொடவில்லை.

"விளக்குக்குள்ள வைங்க."

வைத்தாள். டீச்சர் விளக்கைப் போட்டாள். வாசலில் நின்ற இந்துஜாவும் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஓடியது.

"சுடுதுங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"அதே ஜெல்லு. அதே விளக்கு. உங்களுக்கு ஏன் சுடலீங்கக்கா?"

சாந்தாமணி மேசையில் கிடந்த அரத்தைப் பார்த்தாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

டீச்சர் டிஷ்யூவைப் பிரித்தாள். ஒரு சில்லை எடுத்துப் புரட்டிக் கறுப்புத் துண்டின் மேல் வைத்தாள். சிவப்பு ஜெல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வெள்ளை நாம பூசினதுங்களா?"

"இல்லீங்க."

"பின்ன யாருது?"

சாந்தாமணி நிமிர்ந்தாள். இந்துஜா மேசைக்கே வந்து அந்தச் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாந்தாமணியைப் பார்த்தாள்.

"போன தடவை சுட்டப்பவே கேட்டனேக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்களே?"

பனியன் கம்பெனியில் ஒருமுறை சூப்பர்வைசர் லைனில் எல்லாரும் பார்க்க அவள் தைத்த நூறு பீஸைத் திருப்பி வீசியிருக்கிறான். அன்றுகூட அவளுக்கு இப்படி வெட்கமாக இருந்ததில்லை. கூலிக்குத் தைத்த துணி அது. இது தன்னை நம்பி நீட்டிய கை.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றாள்.

இந்துஜா பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எதிர்க் கடைக்குப் போகவில்லை.

யாரும் சொல்லாமலே சாந்தாமணி வேலையை ஆரம்பித்தாள். நகங்களை ஒட்ட வெட்டி, ஓரத்தை மட்டும் ஒரே பக்கமாக இழைத்து, விரல் விரலாக எண்ணெய் தேய்த்துவிட்டாள். முதல் தடவையாக அவள் கை மெதுவாகப் போனது. பத்து விரலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"வாரம் ஒருக்கா வாங்க, எண்ணெய் தேச்சு விடறோம்" என்றாள் டீச்சர். "வலிச்சாலோ, நிறம் மாறுனாலோ தோல் டாக்டர்கிட்டப் போயிருங்க. எங்களக் கேட்டுட்டு இருக்காதீங்க."

இந்துஜா இறங்கிப் போனாள். சாந்தாமணி கருவிகளைக் கழுவித் துடைத்து, கிருமி நீக்கும் பெட்டிக்குள் வைத்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"டீச்சர், அந்த ஜன்னல் மேசை..."

"உங்களுதுதானுங்கக்கா."

சாந்தாமணிக்கு மூச்சு வந்தது.

"இந்துஜாவுக்கு அடியிலிருந்து புது நகம் வரும். இந்த மெலிஞ்ச நகம் கொஞ்சங் கொஞ்சமா நுனிக்குப் போகும். அதுல கடைசித் துண்டை நீங்களே வெட்டிப் போடற அன்னிக்கு, வந்து உக்காருங்க."

சாந்தாமணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முகம் வாடிவிட்டது.

"அதுக்கு அஞ்சாறு மாசம் ஆகுமுங்களே டீச்சர்!"

ஷமீனா அலமாரியைத் திறந்து, துணி சுற்றிய பலகையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

"நகந்தானுங்கக்கா" என்றாள். "வளந்துரும்."