மார்ட்டினாருக்கு மூணு போர்வை

ஒரு ஊர்ல ஒரு டெய்லர் இருந்தாராம். பேரு கஸ்பார். கடலோரத்துல, மார்ட்டினார் கோயில் இருக்கிற ஊரு. மார்ட்டினார் யாரு தெரியுமா? குதிரை மேல போன படைவீரரு. வழியில ஒரு ஏழை குளிர்ல வெடவெடன்னு நடுங்குறதைப் பார்த்தாரு. வாளை உருவி, தன் போர்வையை ரெண்டா வெட்டி, பாதியை அவனுக்குக் குடுத்துட்டாரு. அதனால கோயில் சிலையிலயும் அவருக்குப் பாதிப் போர்வைதான். காலடியில கையேந்திக்கிட்டு அந்த ஏழை. ம் சொல்லுலே. ஆங், அப்படி.

திருவிழாக் கமிட்டிக்கு இது கௌரவக் குறைச்சலாப் போச்சு. நம்ம ஊரு புனிதர் பாதித் துணியோட நிக்கிறதான்னு வருஷா வருஷம் வெல்வெட்டுல முழுப் போர்வை தைக்கச் சொல்லுவாங்க. அந்த வருஷம் மூணு. வெளிநாட்டுல இருக்கிறவங்க ஒண்ணு, மீன் வியாபாரிங்க ஒண்ணு, தலைவர் தொம்மை ஒண்ணு. மூணும் விரிய, சிலையைத் தூக்கிட்டு ஊர்வலம் போற சப்பரத்துல இடம் பத்தலை. அப்போ என்ன செஞ்சாங்க? அந்த ஏழையைக் கழட்டி, சாமான் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்க.

ஐப்பசி அடைமழை, சடசடசடன்னு. சப்பரம் கிளம்புற அன்னிக்குச் சாயங்காலம் சலேத்துன்னு ஒரு பொண்ணு, பத்து நாள் பிள்ளையோட கோயிலுக்குள்ள வந்து ஒதுங்கினா. காத்துல அவ வீட்டுக் கூரை போயிருச்சு. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாம ஜில்லுனு கெடந்துச்சு. அங்க நின்ன கஸ்பார் சட்டையைக் கழட்டிக் குடுக்கப் பார்த்தாரு. அதுவும் சொட்டச் சொட்ட ஈரம். அங்க காஞ்ச துணின்னா, சப்பரத்துல மார்ட்டினார் மேல கெடந்த மூணு போர்வைதான்.

தலைவர்கிட்ட ஓடினாரு. "அண்ணாச்சி, ஒரு போர்வை குடுங்க, பிள்ளை விறைச்சுப் போகுது."

"திருவிழா முடியட்டும்டே, கூட்டம் போட்டுப் பேசுவோம்."

அப்புறம் செயலாளர்கிட்ட ஓடினாரு.

"எந்தத் தெருக்காரி அவ? மனு எழுதித் தரச் சொல்லும்."

அப்புறம் மைக்குல முழங்கிக்கிட்டிருந்தவர்கிட்ட ஓடினாரு. அவரு மைக்கைக் கையால பொத்திக்கிட்டு, "மார்ட்டினாரோட இரக்கத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன், குறுக்க வராதேயும்"னாரு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அதுக்கப்புறம் கஸ்பார் யார்கிட்டயும் ஓடலை. விறுவிறுன்னு சப்பரத்து மேல ஏறினாரு. இடுப்புல கத்திரி இருந்துச்சு. தலைவர் குடுத்த போர்வையைப் பிடிச்சு, நறுக், நறுக், நறுக். பாதி மார்ட்டினாருக்கு, பாதி பிள்ளைக்கு. சலேத்து அதுல பிள்ளையைச் சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. கொட்டுக்காரங்க கூட அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் குவா, குவான்னு பிள்ளை அழுதுச்சு பாரு, கஸ்பாருக்கும் அழுகை வந்துருச்சு.

"யாரு சொல்லிவே வெட்டினீரு?"ன்னு தலைவர் கேட்டாரு.

கஸ்பார் சிலையைக் கையால காட்டினாரு. அங்க மார்ட்டினார் வாளும் கையுமா நின்னுக்கிட்டிருந்தாரு.

"அவருதான் அண்ணாச்சி. ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. நாமதான் துணியைப் போட்டு மூடிட்டோம்."

கமிட்டி சும்மா விடுமா? அடுத்த வருஷம் மேடை போட்டு, இரக்கச் செம்மல்னு பட்டம் குடுத்து, கஸ்பாருக்கே பொன்னாடை போத்திட்டாங்க. கஸ்பார் இடுப்புல கையை விட்டுக் கத்திரியைத் தேடினாரு. மேடையில இருந்த அத்தனை பேரும் அவங்கவங்க பொன்னாடையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

அவ்வளவுதான், கதையும் ஓஞ்சுது, கடலும் ஓஞ்சுது. ஏலே, போர்வை முழுசையும் நீயே சுத்திக்கிட்டியே, தங்கச்சி கால் ஜில்லுனு கெடக்கு பாரு. பாதியை அவளுக்கு விட்டுட்டுத் தூங்கு.

இவ்வளவு நேரம் ம் சொன்னியே, இப்போ எங்கலே போச்சு அந்த ம்?